டியூப் இல்லாமல் மார்டள்ளிக்கு

மைசூரிலிருந்து மார்டள்ளிக்குச் சைக்கிளில் போகப்போகிறேன் என்றதும் நண்பர்கள் முதலில் யானையைப் பற்றிக் கேட்டார்கள். அடுத்தது சந்தனக் கடத்தல் வீரப்பன். 2004-இல் இறந்துபோன மனிதர். ஆனாலும் அந்தக் காட்டுப் பக்கத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான் முகவரி. முள்ளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யானை கண்ணில் படலாம், படாமலும் போகலாம். கருவேல முள்ளும் உடை முள்ளும் இலந்தை முள்ளும் அந்தச் சாலையில் எல்லா நாளும் கிடக்கும். தரையோடு தரையாகப் படர்ந்து, காய்ந்த பிறகு எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிமிர்ந்து நிற்கிற நெருஞ்சி இவற்றுக்கெல்லாம் மூத்தது.

மார்டள்ளி இன்று சாமராஜநகர் மாவட்டத்து ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் மைசூர் ஜில்லாதான். 1997-இல் மாவட்டம் பிரியும் வரை அதுதான் கணக்கு. அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை இந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் முழுவதும் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அரசாங்கம் கோடு மாற்றிப் போட்டாலும் வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. மாதா கோயில் மைசூர் மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது. ஊரைப் பார்க்கும் ஆசை பாதி, சக்கரத்தைச் சோதிக்கும் ஆசை பாதி என்று கிளம்பினேன்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது ரோடு பைக். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில், 700சி அளவு அலுமினிய ரிம், 32 மி.மீ. அகல டயர். டயருக்குள் டியூப் கிடையாது. மோட்டார் பைக்கிலும் காரிலும் நமக்குப் பழகிப்போன டியூப்லெஸ்தான். அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1947-இல் கார்களுக்காக அதை அறிவித்தது. ஃபிராங்க் ஹெர்செக் என்ற பொறியாளருக்கு 1952-இல் காப்புரிமை கிடைத்தது. சைக்கிளுக்கு அது வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் என்ற மூன்று நிறுவனங்கள் கைகோத்து 1999-இல் மலைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தன. ரோடு பைக்குக்கு 2006-இல் ஹட்சின்சனும் ஷிமானோவும் சேர்ந்து கொடுத்தன.

தாமதத்துக்குக் காரணம் காற்றழுத்தம். மோட்டார் பைக் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. சுமார் அளவு. பழைய ரோடு பைக் டயருக்கு 100, 120 என்று ஏற்றுவார்கள். அவ்வளவு அழுத்தத்தில் டயரின் விளிம்பு கொஞ்சம் இழுபட்டாலும் ரிம்மை விட்டு எகிறிவிடும். டியூப் இருந்தால் அதுவும் சேர்ந்து கொஞ்சம் பிடித்து வைக்கும். இல்லாதபோது விளிம்பு ஒன்றே எல்லாப் பொறுப்பையும் சுமக்க வேண்டும். நீளாத நாரில் விளிம்பு செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் ரோடு பைக்கில் இது நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மோட்டார் பைக் டயர் தடிமனானது. உள்பக்கத்தில் காற்று புகாத ரப்பர் பூச்சு இருக்கிறது, அதனால் தனியாகவே காற்றைப் பிடித்து நிற்கும். சைக்கிள் டயரை அவ்வளவு கனமாகச் செய்தால் மிதிக்க முடியாது. மெல்லிய டயரின் நுண்துளைகளை அடைக்கவும், வழியில் ஏறும் முள்ளைச் சமாளிக்கவும் உள்ளே சீலண்ட் என்ற வெள்ளைத் திரவம் ஊற்ற வேண்டும். ரிம்மில் ஸ்போக்ஸ் நுழையும் துளைகளின் மேல் காற்று புகாத டேப்பைச் சுற்றி ஒட்ட வேண்டும். அடியில் ரப்பர் பதித்த தனி வால்வு வேண்டும். டேப், வால்வு, சீலண்ட் மூன்றில் எது சொதப்பினாலும் காலையில் டயர் தரையில் படுத்திருக்கும்.

மைசூரில் ஒரு சைக்கிள் கடையில் டயர் மாற்றினேன். சீலண்டை டயருக்கு 40 மில்லி அளவில் ஊற்றி, கம்பிரஸரில் ஒரே மூச்சாகக் காற்றை விட்டார்கள். கைப்பம்பில் மெதுவாக அடித்தால் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காராது, வந்த காற்றெல்லாம் ஓரமாகப் போய்விடும். வேகமாக ஏற்றியதும் ‘டப், டப்’ என்று இரண்டு வெடிச்சத்தம். வாசலில் நின்றவர் டயர் வெடித்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கத்து விளிம்பும் தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் அது.

மைசூருக்கு டயர் புதிதல்ல. விக்ராந்த் டயர்ஸ் இந்த ஊர்க் கம்பெனி. 1997-இல் ஜே.கே. டயர் அதை வாங்கியது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டயர் செய்த ஊரில் சைக்கிளுக்கும் மரியாதை இருக்கிறது. 2017-இல் ‘டிரின் டிரின்’ என்ற பொது வாடகைச் சைக்கிள் திட்டம் இங்கே தொடங்கியது. 2008 முதல் நடக்கும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ நெடும்பயணக்காரர்களுக்கு மைசூர் பழகிய தங்குமிடம். விலை கூடிய வெளிநாட்டுச் சக்கரங்களைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இருப்பதற்கு இப்படிப்பட்ட பயணங்களும் ஒரு காரணம்.

விடிவதற்கு முன்பே தேசிய நெடுஞ்சாலை 766-ஐப் பிடித்தேன். கோழிக்கோட்டிலிருந்து வயநாடு, மைசூர் வழியாகக் கொள்ளேகாலில் போய் முடியும் சாலை. வருணா ஏரி கடந்ததும் வெளிச்சம் வந்தது. திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியும் கபினியும் கலக்கின்றன. குஞ்சா நரசிம்மர் கோயில் படித்துறையில் அந்த நேரத்திலேயே ஈர வேட்டிகள் காய்ந்தன. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இங்கே கும்பமேளா கூடுகிறது.

இந்த வழியெல்லாம் தண்ணீர்ப் பாய்ச்சல் உள்ள பூமி. நெல், கரும்பு, தென்னை. கரும்பு வண்டி போகிற சாலையில் சைக்கிள்காரன் கவனிக்க வேண்டியது மாட்டின் காலடி. லாடம் தேய்ந்து கழன்றால் ஆணியும் உதிரும். தடித்த தலையும் கூர்ந்த முனையுமாகச் சாலையில் கிடக்கும் லாட ஆணி எந்தச் சீலண்டுக்கும் சவால். திரவம் தானாக அடைக்கக்கூடியது சில மில்லிமீட்டர் ஓட்டை வரைதான். அதற்கு மேலே போனால் இறங்கி ரப்பர் திரியைச் செருக வேண்டும். நல்லவேளை, ஆணி எதுவும் ஏறவில்லை.

நெடுஞ்சாலை நன்றாக இருக்கும் வரை டியூப்லெஸ்ஸுக்குத் தனிப் பெருமை கிடையாது. வழவழப்பான தாரில் நல்ல டியூப் போட்ட டயரும் இதே வேகத்தில் உருளும். கொள்ளேகாலை நெருங்க நெருங்க, ஒட்டுப்போட்ட தாரும் ஜல்லி பெயர்ந்த ஓரமும் வந்த பிறகுதான் வேறுபாடு கைக்குத் தெரிந்தது. நான் முன்சக்கரத்தில் 55, பின்சக்கரத்தில் 60 பி.எஸ்.ஐ. வைத்திருந்தேன். டியூப் போட்ட மெல்லிய டயரில் இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு குழியில் இறங்கினால், ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் ஜோடியாக இரண்டு ஓட்டை விழும். நசுங்க டியூப்பே இல்லை என்றால் அந்தப் பயம் பெரும்பாலும் போய்விடுகிறது. குறைந்த காற்றில் டயர் ஜல்லியின் மேல் வளைந்து ஏறி இறங்கும். நிறைந்த காற்றில் ஒவ்வொரு ஜல்லிக்கும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து துள்ளுவார்கள். துள்ளலுக்குப் போகும் சக்தி காலிலிருந்துதான் போகிறது. டயரை இறுக்க இறுக்க வேகம் கூடும் என்று நாம் நம்பி வந்தது மேடுபள்ளமில்லாத தரைக்குத்தான் பொருந்தும்.

கொள்ளேகால் பட்டு ஊர். மைசூரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. கடைவீதியில் கன்னடத்தில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது, தமிழில் கேட்டால் கன்னடத்தில். தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காமகெரெ வழியாக ஹனூருக்குத் திரும்பினேன். இங்கிருந்து நிலம் நிறம் மாறுகிறது. வயல் மறைந்து ராகியும் சோளமும் கொள்ளும் மேலேறுகின்றன. பல ஊர்களில் அறுத்த கொள்ளுச் செடியைச் சாலை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கும். உழவருக்குக் கூலி மிச்சம். ரோடு பைக்குக்கோ தண்டு கியரில் சுற்றிக்கொள்ளும், அடியில் கிடக்கும் முள் கண்ணுக்குத் தெரியாது. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால், தூற்றிக்கொண்டிருந்த பெண்கள், “மேலயே போங்க சார், ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தார்கள்.

ஹனூர் தாண்டி ராமாபுரம் போகும் வழியில்தான் நான் எதிர்பார்த்து வந்தது நடந்தது. ஒரு வேலிக்காரர் கருவேல முள் கட்டைச் சாலையில் இழுத்துப் போயிருந்தார். தடம் மட்டும் மிச்சமிருந்தது. பின்சக்கரத்தில் ‘உஸ்’ என்ற சத்தம். சக்கரம் சுற்றச் சுற்ற என் கெண்டைக்காலில் வெள்ளைத் துளிகள் தெறித்தன. இறங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினேன். திரவம் அங்கே தேங்கியது. சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு அடங்கியது. அமுக்கிப் பார்த்தால் காற்று கொஞ்சம்தான் குறைந்திருந்தது. டியூப் போட்ட சைக்கிளாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, வெயிலில் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

அந்த வெள்ளைத் திரவம் பெரும்பாலும் நம் நாகர்கோவில் பக்கத்துத் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற ரப்பர் பால்தான், உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்தது. மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து காற்றுப் பட்டதும் காயத்தை மூடிக்கொள்கிறது. டயரின் ஓட்டையில் நடப்பதும் அதே வேலை. வெளியேறும் காற்று திரவத்தை ஓட்டைக்குத் தள்ளுகிறது. அதில் கலந்திருக்கும் நுண்துகள்கள் வாயை அடைக்கின்றன. ரப்பர் அதன்மேல் உறைகிறது. இதன் பலவீனமும் அதே குணத்தில் இருக்கிறது. முள் ஏறாவிட்டாலும் டயருக்குள் அது மெல்ல உறைந்துகொண்டே வரும். குளிர் நாடுகளில் ஆறு மாதம் தாங்குவது நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். பார்த்துப் பார்த்து ஊற்றாதவனுக்கு டியூப்லெஸ் வீண்செலவு.

ராமாபுரம் அமைதியான சிற்றூர். 1992-இல் வீரப்பன் கூட்டம் தாக்கிய காவல் நிலையம் இந்த ஊரில்தான். அங்கிருந்து மலைகள் சூழ்ந்த வழியில், ஏறுவதும் இறங்குவதுமாக மார்டள்ளி வந்துசேர்ந்தேன். சாலையோரப் பலகைகள் கன்னடத்தில் இருக்கின்றன. டீக்கடை பெஞ்சில் தமிழ் ஓடுகிறது, சேலத்துச் சாயலும் கொங்குச் சாயலும் கலந்து, நடுநடுவே கன்னடம் தொட்டுக்கொண்டு. பள்ளிக்கூடம் கன்னடத்தில், ஜெபம் தமிழில், சந்தை இரண்டிலும்.

மாதா கோயிலைப் பார்த்துவிட்டு வரும்போது ஒரு பஞ்சர் கடை தென்பட்டது. தண்ணீர்த் தொட்டி, கம்பிரஸர், சுவரில் தொங்கும் பழைய டியூப்கள். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளைக் கண்டதும் எழுந்து வந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

“காத்து கம்மியா இருக்குதுங்களே சார். அடிச்சு விடட்டுங்களா?”

“வேண்டாங்கண்ணா, இதுக்கு இவ்வளவு போதும். உள்ள டியூப் கிடையாது.”

“பைக்குக்கு முப்பது போதும், சரி. சைக்கிள்னா கல்லாட்டம் இருக்கோணுமே?”

நிற்கிற வண்டியைச் சுற்றி வந்தார். வால்வைப் பார்த்து, இதற்கு என் கம்பிரஸர் மூக்கு பொருந்தாதே என்றார். சரிதான். நம் கறுப்புச் சைக்கிளில் இருப்பது உள்ளே ரப்பர் வால் டியூப் மாட்டிய பழைய வால்வு. மோட்டார் பைக்குக்கு வேறு. ரோடு பைக்கில் இருப்பது பிரெஸ்டா என்ற மெலிந்த வால்வு. விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்தால் எந்தக் கடையிலும் காற்று பிடிக்கலாம். எடுத்துக் காட்டினேன். “இது நல்லாருக்குதே” என்று வாங்கி, தன் கம்பிரஸர் மூக்கில் பொருத்திப் பார்த்தார்.

பிறகு அவர் தன் சாமான்களை எடுத்தார். மோட்டார் பைக் டியூப்லெஸ்ஸுக்குப் போடும் கெட்டியான திரியும், அதைக் குத்திச் செருகும் தடித்த ஊசியும். என் பையிலிருந்த சைக்கிள் திரியை அதன் பக்கத்தில் வைத்தேன். பாதிக் கனம்கூட இல்லை. அவருடைய ஊசியால் என் டயரைக் குத்தினால் ஓட்டையைவிட ஊசி போட்ட துளை பெரிதாகிவிடும். அவரே அதைச் சொன்னார். வேலை தெரிந்தவர்.

“இத இங்க யாரு விக்கறாங்க?”

“மைசூர்லயோ பெங்களூர்லயோதாங்க.”

“அப்ப நடுக்காட்டுல தீந்துபோச்சுன்னா?”

“அதுக்குத்தான் ஒரு டியூப் வெச்சிருக்கேங்கண்ணா.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “டியூப்பு இல்லாத சைக்கிளுக்கு டியூப்பச் சொமந்துட்டு வாரீங்களா தம்பி?” சிரித்ததும் ‘சார்’ போய்த் ‘தம்பி’ வந்துவிட்டது.

அவர் கடையில் இருபத்தெட்டு இஞ்ச் டயரும் டியூப்பும் இருந்தன. என் சக்கரமும் பார்வைக்கு அதே உயரம். ஆனால் ஒன்றுக்கொன்று சேராது. நம் பால்காரர் சைக்கிளின் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., 700சி சக்கரத்துக்கு 622 மி.மீ. அந்த டயர் என் ரிம்மில் தொளதொளவென்று ஆடும். டியூப்பை மடித்துத் திணிக்கலாம் என்றாலும், அதன் தடித்த வால்வு என் ரிம்மின் துளையில் நுழையாது. நாடு முழுக்கப் பட்டிதொட்டியெல்லாம் சைக்கிள் கடை இருந்தும், ரோடு பைக்காரனுக்கு அந்தக் கடைகளில் கிடைப்பது காற்றும் டீயும் நல்ல வார்த்தையும்தான். இது கடைக்காரர் குற்றமல்ல. இந்தச் சக்கரம் அவருடைய ஊரைக் கணக்கில் எடுத்துச் செய்யப்பட்டதல்ல.

டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சு வீரப்பன் காலத்துக்குப் போனது. அப்போது ஊரில் பைக் ஏது, எல்லாம் சைக்கிள்தான் என்றார். கேரியரில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போனால் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று நிறுத்திக் கேட்பார்களாம். காட்டுக்குள் ஒருவர், ரோட்டில் அதிரடிப்படை, நடுவில் ஊர். அதிரடிப்படையினர் மேல் வந்த சித்திரவதைப் புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் 1999-இல் குழு அமைத்தது. அதன் முன் சாட்சி சொன்னவர்கள் இந்த மலை ஊர்களின் சாதாரண மக்கள். பிறகு 2018 டிசம்பரில் மறுபடி இந்தப் பக்கம் செய்தியில் அடிபட்டது. பக்கத்துச் சுள்வாடி மாரம்மன் கோயிலில் பிரசாதத்தில் விஷம் கலந்து 17 உயிர்கள் போயின. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, “எதுக்கும் கொஞ்சம் காத்து ஏத்திக்கங்க, மலை எறக்கம்” என்று குழாயை எடுத்தார். அன்பாகச் சொன்னதுதான். அந்த அன்பு சில சக்கரங்களுக்கு ஆபத்தாக முடியும். அண்மைக் காலத்து விலை கூடிய ரிம்கள் பலவற்றில், டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாமல் சுவரை நேராக விட்டுவிடுகிறார்கள். ஹூக்லெஸ் என்று பெயர். செய்வது சுலபம், எடையும் குறைவு. ஆனால் சர்வதேச அளவுகோல் அதற்கு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று கூடாது என்கிறது. பொருந்தும் டயர் எது, அகலம் எவ்வளவு என்பதிலும் கண்டிப்பு உண்டு. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹென்ட் விழுந்தார். டயர் ஹூக்லெஸ் ரிம்மை விட்டுக் கழன்று கிடந்த படத்தை உலகமே பார்த்தது. வீரர்களின் சங்கத் தலைவர் ஆடம் ஹான்சன் இந்த வகை ரிம்முக்கு எதிராகக் குரல் கொடுத்தார். சக்கரத்தை வடிவமைத்தவர்களும் முழுநேர மெக்கானிக்குகளும் கூடவே வருகிற இடத்திலேயே இப்படி. கம்பிரஸரில் கல்லாட்டம் காற்று ஏற்றும் பழக்கமுள்ள நம் ஊர்ச் சாலையில் அந்த ரிம்மைப் போட்டுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம் அல்ல. என்னுடையது உள்மடிப்பு உள்ள ரிம்தான். இருந்தாலும் குழாயை அன்போடு மறுத்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி மைசூருக்குப் போகாமல் நால் ரோடு வழியாகக் கர்கேகண்டி சோதனைச் சாவடியைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் இறங்குவது என் திட்டம். பகலில் மட்டும் போக வேண்டிய காட்டுப் பாதை. எல்லை தாண்டியதும் பர்கூர் மலை. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு பர்கூர் மாடுகள் சாலையோரம் மேய்ந்தன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டுச் சந்தையில் விலை போகும் இனம். தாமரைக்கரை தாண்டினால் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை.

ஓரிடத்தில் மலைச்சரிவிலிருந்து உருண்ட கற்கள் சாலையில் சிதறிக் கிடந்தன. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது ஒரு கூர்ங்கல் பின் டயரின் பக்கவாட்டைக் கீறியது. இந்தமுறை ‘உஸ்’ இல்லை, ‘புஸ்’. வெள்ளைத் திரவம் சாலையில் கோடு போட்டது. டயரின் பக்கவாட்டு, தரையைத் தொடும் பாகத்தைவிட மெல்லியது. அங்கே கிழிந்தால் சீலண்ட் நிற்காது, திரி செருகினாலும் நழுவிவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான். டயரை ஒரு பக்கம் பிரித்து, டியூப்லெஸ் வால்வைக் கழற்றி, பழைய டயரில் வெட்டிவைத்த துண்டைக் கிழிசலுக்கு உள்பக்கம் அணைகொடுத்து, டியூப்பைப் போட வேண்டும்.

டியூப்பைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது கட்டாயம். தடவினேன். உள்ளே நெடுக முள் முனைகள். கருவேலம், நெருஞ்சி, பெயர் தெரியாத வேறு சிலவும். மைசூரிலிருந்து வந்த வழியில் எங்கெங்கோ ஏறி, உடைந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ரப்பர் உறைந்து மொட்டுப்போல் நின்றிருந்தது. எனக்குத் தெரிந்து நடந்தது ராமாபுரத்து முள் ஒன்றுதான். மற்றவை ஏறியதே தெரியாமல் அடைபட்டிருக்கின்றன. டியூப் போட்டு வந்திருந்தால் ஒவ்வொரு முள்ளும் ஒரு நிறுத்தம். அத்தனையையும் நகவெட்டியால் பிடுங்கி எறிந்துவிட்டு டியூப்பை வைத்தேன். பிடுங்காமல் வைத்திருந்தால் அந்த டியூப் அடுத்த வளைவைத் தாண்டியிருக்காது.

வரட்டுப்பள்ளம் அணை கண்ணில் பட்டபோது மாலை. அந்தியூரில் காற்றைச் சரிபார்க்கச் சைக்கிள் கடை தேட வேண்டியிருக்கவில்லை. அடாப்டர் இருந்ததால் மோட்டார் பைக் கடையே போதுமானதாக இருந்தது.

இந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவானதைச் சொல்லிவிடுகிறேன். டியூப்லெஸ் ரோடு டயரை ஐரோப்பியப் பந்தயங்களின் வேகத்தைக் காட்டி விற்கிறார்கள். சில நொடி மிச்சம் பிடிப்பது நமக்கு எதற்கு? இந்தத் தொழில்நுட்பம் நமக்குத் தேவைப்படுவது முள்ளுக்கும் ஜல்லிக்கும்தான். மார்டள்ளி வழி போன்ற சாலைகள் தமிழ்நாட்டில் ராமநாதபுரம் முதல் தருமபுரி வரை எத்தனையோ. சீமைக்கருவேலம் மண்டிய நாட்டைவிட இந்த டயருக்குப் பொருத்தமான நாடு வேறு எது?

தடையாக நிற்பவை விலையும் பராமரிப்பும். இறக்குமதி டயர் ஒன்றின் விலையில் நம் ஊரில் ஒரு முழுச் சைக்கிள் வாங்கலாம். ரப்பர் பால் நம் தோட்டங்களில் வடிகிறது, சைக்கிள் டயர்த் தொழில் நம் நாட்டில் பெரிய அளவில் நடக்கிறது. 32, 35 மி.மீ. அகலத்தில், பக்கவாட்டு கெட்டியாக, பந்தய எடை பார்க்காமல் ஒரு டியூப்லெஸ் டயரும், நம் வெயிலில் சீக்கிரம் காயாத சீலண்டும் மலிவாகச் செய்து தர நம் தயாரிப்பாளர்களால் முடியும். செய்தால், மோட்டார் பைக் திரியைச் செருகத் தெரிந்த மார்டள்ளிக் கடைக்காரர் சைக்கிள் திரியையும் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்.

அதுவரை வாசகருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பக்கத்துத் தெருவுக்கும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர் டியூப்போடு இருங்கள். பஞ்சர் ஆனால் ஒட்டித் தர ஆள் இருக்கிறார். முள் சாலைகளில் நெடுந்தூரம் போகிறவர் டியூப்லெஸ்ஸுக்கு மாறலாம். மாறினால் அகலமான டயரும் உள்மடிப்பு உள்ள ரிம்மும் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீலண்டைப் பாருங்கள். பையில் திரி, பித்தளை அடாப்டர், பழைய டயர்த் துண்டு, ஒரு டியூப் இந்த நான்கும் இல்லாமல் மலையேறாதீர்கள். மார்டள்ளிப் பெரியவர் சிரித்தாலும் பரவாயில்லை, அந்த டியூப்பைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும்.